கிரவுண்ட் போகும் வழி

“ஜெர்லின் ஒரு கோட்டைப் பிடிச்சாள்னா, தான் எங்க போய் முடியறோம்னு அந்தக் கோட்டுக்கே அப்பத்தான் தெரியும்.”

தேநீர் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்று தினகர் சொன்னான்.

“அப்ப செண்பகா மேடம்?” என்று ஒரு குரல் கேட்டது.

“அவங்க டூலைக் கேப்பாங்க. டூல் பச்சைன்னா பச்சை.”

சிரிப்பு.

இந்தப் பக்கம் நின்றிருந்த செண்பகா, கோப்பை நிரம்பிக் கையில் வழிந்த பிறகுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

•

அந்த அலுவலகத்தில் சிப் வரைவார்கள்.

விரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கானில் எந்த உலோகக் கோடு எங்கே ஓட வேண்டும் என்று திரையில் வரைவது அவர்கள் வேலை. கோடுகள் மாடி மாடியாக ஓடும். மொத்தம் ஆறு மாடி. ஒரு மாடியிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கச் சின்னச் சின்னத் துளைகள்.

வரைந்து முடித்ததும் டூல் என்கிற சோதனை மென்பொருளை ஓட்டுவார்கள்; தவறு தெரியவில்லை என்றால் அது பச்சை காட்டும். அதன்பின் ஒருவர் எல்லா இணைப்புகளையும் தொடர்ந்து போய்ப் பார்ப்பார். பார்த்து, ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போடுவார். பிறகு தொழிற்சாலைக்குப் போகும். போனபின் அழித்து எழுத முடியாது.

இந்த முறை, காது கேட்கும் கருவிக்கான சிப். கையெழுத்து ஜெர்லினுடையது என்று திங்கட்கிழமை தாஹிரா சொல்லிவிட்டாள்.

ஜெர்லின் வந்து மூன்று வருடம்.

செண்பகா வந்து பதினோரு வருடம். அந்தத் தாளில் அவள் பெயர் ஒரு முறைகூட வந்ததில்லை.

•

தாஹிராதான் ஆய்வுக்குத் தலைமை. செண்பகாவைவிட நான்கு வயது சின்னவள். அவள் இல்லாத இடத்தில் எல்லோரும் அவளை வாத்தியார் என்பார்கள். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

செண்பகா அவள் மேசை முன்னால் போய் நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க செண்பகா.”

“ஏன் அவ?”

யார் என்று தாஹிரா கேட்கவில்லை. தன் திரையைச் செண்பகா பக்கம் திருப்பினாள். சிப்பின் ஒரு மூலை தெரிந்தது. மின்சாரம் திரும்பிப் போகும் கோடு ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

“இந்தக் கிரவுண்ட் கோடு எங்க போகுது?”

செண்பகா ஒரு விசையைத் தட்டினாள். கோடு மஞ்சளாக எரிந்தது. அதைத் தொட்ட கோடு, அதைத் தொட்ட இன்னொன்று என்று சிப் முழுக்க மஞ்சள் பரவியது.

“ஓரத்துல இருக்கிற பேடுக்கு. வெளிக் கம்பி வந்து சேருதே, அங்க.”

“எப்படிப் போகுது?”

“அதான் எரியுதே.”

“எரியுது. நீங்க கூடப் போனீங்களா?”

“நான் எதுக்குப் போகணும்? சேர்ந்திருக்குன்னு டூலே சொல்லுது.”

தாஹிரா அதே விசையைத் தட்டினாள். மஞ்சள் அணைந்தது.

“நான் டூலைக் கேக்கல.”

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

செண்பகா நின்றாள்.

“இதுதான் பதிலா?”

“இல்லங்க. கேள்வி.”

•

அன்றிலிருந்து செண்பகா ஜெர்லினைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஜெர்லின் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். கோடு தேடும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மீன் வாசனை அலுவலகம் முழுக்கப் போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு துண்டு கொடு என்று கேட்டார்கள். செண்பகாவின் எலுமிச்சை சாதத்தை இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் தாஹிரா ஜெர்லினின் பெயரை ஏழு முறை சொன்னாள்.

செண்பகாவின் பெயரை ஒரு முறை. அதுவும் ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கு.

கூட்டம் முடிந்ததும் செண்பகா தன் இடத்துக்கு வந்தாள். ஜெர்லின் வரைந்த பிளாக்கை, சிப்பில் அவள் பங்கை, திறந்தாள்.

•

அது மைக்கில் வரும் சத்தத்தைப் பெருக்கும் பகுதி. வெளியே இருந்து வரும் சத்தம் முதலில் வந்து சேரும் இடம். அப்போது அது மிக மெல்லியதாக இருக்கும். அதனால் சத்தம் போகும் வழியின் கிரவுண்ட் கோடு தனியாக ஓட வேண்டும். அதற்கு மெல்லிய கோடு என்று பெயர்.

சிப்புக்குத் தாளம் கொடுக்கும் கடிகாரச் சுற்றுக்கும் ஒரு கிரவுண்ட் கோடு உண்டு. அது இரைச்சல் நிறைந்தது.

இரண்டும் சிப்பின் ஓரத்தில், பேடில் மட்டுமே சந்திக்கலாம். நடுவழியில் தொட்டுக்கொண்டால் இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். கருவியை மாட்டியவர் காதில், கழற்றி வைக்கும் வரை ஒரு ரீங்காரம்.

டூலுக்கு இது தெரியாது. அதற்கு அதுவும் கிரவுண்ட், இதுவும் கிரவுண்ட். எங்கே தொட்டாலும் பச்சைதான்.

செண்பகா மஞ்சள் விசையைத் தொடவில்லை. அந்த வெளிச்சத்தில் ஏதாவது மறைந்துவிடுமோ என்று பயந்தாள். எதுவும் மறையக் கூடாது என்று இருந்தாள்.

மாடிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஆறாம் மாடி மட்டும். ஐந்தாம் மாடி மட்டும். கோட்டின் மேல் சுட்டியை வைத்து, அதோடு மெல்லப் போனாள். துளை வந்தால் இறங்கினாள். கோடு நின்றுபோனால் வந்த வழியே திரும்பினாள். போன வழியை ஒரு காகிதத்தில் பென்சிலால் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் மனதுக்குள் சொன்னாள்: இங்க இருக்கட்டும். இங்க இருக்கட்டும்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, இருந்தது.

இரண்டாம் மாடியில், ஒரு பெரிய மின்தேக்கிக்கு அடியில், சின்ன உலோகத் துண்டு. தலைமுடியின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு. மெல்லிய கோட்டையும் இரைச்சல் கோட்டையும் பாலம் போட்டுச் சேர்த்திருந்தது.

செண்பகாவின் நாக்கில் இனிப்புத் தட்டியது.

தவறு கண்டால், கண்ட இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டு, வரைந்தவருக்கு உடனே சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

செண்பகா கட்டம் போடவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குக் கடைசிக் கூட்டம். எல்லோரும் வருவார்கள். பெரிய திரை இருக்கும். தினகர் இருப்பான்.

•

“அக்கா, என் பிளாக் திறக்க மாட்டேங்குது.”

ஜெர்லின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“நீங்க திறந்து வெச்சிருக்கீங்கன்னு காட்டுது.”

பார்ப்பதற்கு மட்டும் என்று திறந்திருக்க வேண்டும். செண்பகா பழக்கதோஷத்தில் திருத்துவதற்கு என்று திறந்திருந்தாள். ஒருவர் அப்படித் திறந்தால் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். யார் திறந்தார் என்று பெயரும் காட்டும்.

செண்பகா அவசரமாக மூடினாள்.

“சும்மா பார்த்தேன்பா.”

“எல்லாமா?”

“ம்.”

“ஏதாவது இருந்துச்சா அக்கா?”

“இல்ல.”

ஜெர்லின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“அப்பாடா. நான் வரைஞ்சதை நானே பார்த்து நானே கையெழுத்துப் போடறது என்னவோ மாதிரி இருந்துச்சு. வாத்தியார்கிட்ட கேட்டேன். வேற யாராவது பார்ப்பாங்க, பொறு அப்படின்னாங்க. நீங்க பார்த்துட்டீங்கல்ல, போதும். இனி நிம்மதியாப் போடுவேன்.”

போகும்போது செண்பகாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

•

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி.

“ஜெர்லின் பிளாக்ல ரெண்டு கிரவுண்டும் நடுவழியில சேருது,” என்றாள் செண்பகா.

தாஹிரா திறந்து பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

“ஆமா.”

செண்பகா காத்திருந்தாள்.

“எத்தனை நேரம் ஆச்சு?” என்று கேட்டாள் தாஹிரா.

“ரெண்டு நாள்.”

“டூல்?”

“தொடவே இல்ல.”

“எப்படிப் பார்த்தீங்க?”

செண்பகாவுக்கு ஒரு நல்ல பதில் தயாராக இருந்தது. ஆனால் நேற்றுச் சொன்ன பொய்யே போதும் என்று இருந்தது.

“தப்பு இருக்கணும், இருக்கணும்னு பார்த்தேன்.”

தாஹிரா சிரிக்கவில்லை. முகமும் மாறவில்லை.

“உங்க பிளாக்கை?”

“என்ன?”

“அதுக்கு எத்தனை நேரம்?”

“டூல் ஓட்டினேன். பச்சை வந்துச்சு. ஒரு… இருபது நிமிஷம்.”

தாஹிரா செண்பகாவின் பிளாக்கைத் திறந்தாள். பெருக்கிய சத்தத்தைக் காதுக்குள் அனுப்பும் பகுதி அது. மூலையில் ‘வரைந்தவர்: செண்பகவல்லி’ என்று இருந்தது.

தாஹிரா அந்தப் பெயரை அழித்தாள். அங்கே ‘ஜெர்லின்’ என்று எழுதினாள். சேமித்தாள்.

“என்ன பண்றீங்க? அது என்னோடது!”

“இப்ப இல்ல.”

“விளையாடறீங்களா தாஹிரா?”

“பதினோரு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. போய்ப் பாருங்க.”

•

செண்பகா தன் இடத்தில் உட்கார்ந்தாள். கோபத்தோடு பிளாக்கைத் திறந்தாள்.

தெரிந்த கோடுகள். தெரிந்த திருப்பங்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆனால் மூலையில் அந்தப் பெயர் இருந்தது. கண் அங்கே போய்ப் போய் வந்தது. ஜெர்லின் வரைந்தது. ஜெர்லின்.

மாடிகளை அணைத்தாள். ஆறு. ஐந்து.

இந்தத் திருப்பம் ஏன் இவ்வளவு அகலம்? இடத்தை இப்படியா வீணாக்குவது?

நான்கு.

இங்கே ஏன் ஒரே ஒரு துளை? இரண்டு போட்டால் கை தேய்ந்துவிடுமா?

மூன்று.

இந்த மெல்லிய கோடு ஏன் இங்கே வளைகிறது? நேராகத்தானே ஓரத்துக்குப் போக வேண்டும். இடம் போதவில்லை போலிருக்கிறது. போதவில்லை என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே? சோம்பேறி. சரியான சோம்பேறி.

கோட்டோடு போனாள்.

கோடு வளைந்தது. பக்கத்தில் தடிமனாக ஓடிய இரைச்சல் கோட்டைத் தொட்டது. அங்கேயே முடிந்தது.

எதற்கு அடியிலும் ஒளிந்திருக்கவில்லை. பட்டப்பகலில் வாசலில் கிடப்பதுபோல் கிடந்தது. ஜெர்லினுடையதாவது கைத்தவறு. இது வேண்டுமென்றே வளைத்தது.

செண்பகாவுக்கு நினைவு வந்தது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சித்தி மகளின் நிச்சயதார்த்தம். ஓரம் வரை கொண்டுபோக வேண்டுமானால் நான்கு கோடுகளை நகர்த்த வேண்டியிருந்தது. அருகில் இருந்த கிரவுண்டில் சேர்த்தாள். டூலை ஓட்டினாள். பச்சை. கணினியை மூடிவிட்டு ஓடினாள்.

மணி பத்து இருபது.

மூலையில் இருந்த பெயரை அழித்தாள். தன் பெயரை எழுதினாள். ஏழு எழுத்துக்கு வெகுநேரம் ஆனது.

தாஹிராவின் மேசையைப் பார்த்தாள். தாஹிரா சுவர் பக்கம் திரும்பி யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் தெரியாது. நான்கு கோடுகளை நகர்த்த மூன்று மணி நேரம் ஆகும். சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தால், சிப் கிளம்பும் ஐந்து மணிக்குள் ஓசைப்படாமல் முடித்துவிடலாம்.

செண்பகா எழுந்து ஜெர்லினிடம் போனாள்.

•

“உன் பிளாக்ல ஒண்ணு இருக்கு.”

“எதுல அக்கா?”

செண்பகா பென்சில் காகிதத்தை விரித்து, மாடி மாடியாகப் போன வழியைக் காட்டினாள். இரண்டாம் மாடி. மின்தேக்கிக்கு அடியில்.

ஜெர்லின் கீழுதட்டைக் கடித்தாள். மெல்ல நிமிர்ந்தாள்.

“இப்பத்தான் பார்த்தீங்களா?”

“நேத்து.”

“நான் வந்து கேட்டேனே, அதுக்கு அப்புறமா?”

“முன்னாடி.”

“அப்ப ஏன் அக்கா இல்லன்னு சொன்னீங்க?”

செண்பகா தரையைப் பார்த்தாள்.

“மீட்டிங்ல சொல்லலாம்னு.”

ஜெர்லின் கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டாவில் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

“எல்லாரும் இருக்கும்போது.”

“ஆமா.”

“சரி அக்கா.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் செண்பகாவுக்கு லேசாக இருந்திருக்கும்.

தன் பிளாக்கைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள்.

“ரெண்டு பேரும் இங்கயா இருக்கீங்க?” என்று வந்தான் தினகர். “பதினோரு மணி ஆகப்போகுது. வாத்தியார் உள்ள உட்கார்ந்தாச்சு. வாங்க வாங்க.”

செண்பகா வாயை மூடிக்கொண்டாள்.

•

பன்னிரண்டு பேர். நீள மேசை. சுவரில் பெரிய திரை.

தாஹிரா ஆய்வுத் தாளை ஜெர்லின் முன்னால் வைத்தாள்.

“போடலாமா?”

“போட முடியாது,” என்றாள் ஜெர்லின். “என் பிளாக்ல ரெண்டு கிரவுண்டும் நடுவுல சேருது. நான் கவனிக்கல. செண்பகா அக்கா கண்டுபிடிச்சாங்க.”

எல்லோரும் செண்பகா பக்கம் திரும்பினார்கள்.

“டூல் எதுவும் இல்லாம,” என்றாள் ஜெர்லின். “கையாலயே, மாடி மாடியாப் போய்.”

“டூல் இல்லாமயா?” தினகர் எழுந்தேவிட்டான். “மேடம், செம! உங்ககிட்ட இந்த வித்தையெல்லாம் இருக்குன்னு சொல்லவே இல்லையே!”

யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள்.

பதினோரு வருடமாகக் காத்திருந்தது. செண்பகா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு பெண் இன்னொருத்தியின் காதில் சொன்னாள்: “தன் தப்பை எவ்வளவு நேராச் சொல்றா பாரேன் ஜெர்லின். நம்மால முடியுமா?”

செண்பகாவுக்கு அதுவும் கேட்டது. கை தட்டலைவிடத் தெளிவாகக் கேட்டது. பழைய பொறாமை மறுபடியும் சுட்டது. தோற்றும் ஜெயித்தது ஜெர்லின்தான்.

“சரி பண்ண எத்தனை நேரம் வேணும்?” என்று தாஹிரா ஜெர்லினைக் கேட்டாள்.

“ஒரு மணி நேரம்.”

“அப்ப சாயங்காலம் அனுப்பிடலாம்.”

தாஹிரா தாளை ஜெர்லின் முன்னாலிருந்து எடுத்தாள். மேசைமேல் நகர்த்திச் செண்பகாவின் முன்னால் வைத்தாள். அதன்மேல் பேனாவை வைத்தாள்.

“மத்த பிளாக்கெல்லாம் சரின்னா, செண்பகா போடட்டும்.”

செண்பகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

செண்பகா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

‘இணைப்புகளைத் தொடர்ந்து பார்த்தவர்’ என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே வெறும் கோடு. பேனா முனை அதைத் தொட்டது. ஒரு நீலப் புள்ளி விழுந்தது.

“போடுங்க மேடம்,” என்றான் தினகர். “முதல் கையெழுத்து. கேக் சொல்லிரலாமா?”

ஜெர்லின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கண் ஓரம் சிவந்திருந்தது. செண்பகாவைப் பார்த்து, போடுங்க அக்கா என்பதுபோல் தலையை அசைத்தாள்.

செண்பகா பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

எழுந்து போய், பெரிய திரையின் கேபிளைத் தன் மடிக்கணினியில் செருகினாள். தன் பிளாக்கைத் திறந்தாள். மாடிகளை ஒவ்வொன்றாக அணைத்து, மூன்றாம் மாடியை மட்டும் விட்டாள். மெல்லிய கோடு வளைந்து போய்த் தொடும் இடத்தை, கடைசி நாற்காலியில் இருப்பவருக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினாள்.